முப்பத்தைந்து மீட்டரில் ஒரு முகம்: டர்பனிலிருந்து பிரிட்டோரியா வரை

செப்டம்பர் 22, வெள்ளி: சாட்ஸ்வொர்த் முதல் ஹோவிக் வரை

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரைத் தாண்டியதும் என்3 நெடுஞ்சாலை டவுன் ஹில் என்னும் செங்குத்தான ஏற்றத்தில் ஏறத் தொடங்குகிறது. டர்பன் துறைமுகத்திலிருந்து ஜோஹானஸ்பர்க் செல்லும் சரக்கு லாரிகள் பெரும்பாலும் இந்த ஏற்றத்தில்தான் முக்கி முனகி ஏறியாக வேண்டும் என்பதால், அங்கே ஒரு லாரி படுத்துவிட்டால் அதற்குப் பின்னால் வருகிற எல்லோருடைய நாளும் படுத்துவிடுகிறது. இன்று அப்படி ஒன்று குறுக்கே படுத்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நாங்கள் காரிலேயே உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் என்றால், நானும், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் பக்கத்து வீட்டில் இருக்கும் தாத்தாவும் ஆயாவும். ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் அவர்களுடைய மகள் வீட்டில் நாளை புரட்டாசிச் சனிக்கிழமைப் பூசை. அவர்களைக் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒப்புக்கொண்டபோது, வழியில் எனக்குச் சில சிற்பங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். எஃகுக் கட்டுமானங்களுக்குக் கணினியில் வரைபடம் போடுவது என் தொழில். திருச்சி துவாக்குடிப் பட்டறைகளில் கற்றதை இப்போது டர்பனில் செய்துகொண்டிருக்கிறேன். தாத்தா ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர்மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் பாய்லர்மேக்கர் என்றால் கொதிகலன் செய்பவர் மட்டுமல்லர். தகட்டை அளந்து, வெட்டி, வளைத்து, பற்றவைக்கும் வேலை அனைத்தும் அவருடையதே. ஆகவே நிபந்தனைக்கு அவர் உடனே தலையாட்டினார். ஆயாதான், “இரும்பைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

மதிய உணவு நெரிசலிலேயே முடிந்தது. புரட்டாசி மாதம் முழுவதும் டர்பன் தமிழர் வீடுகளில் புலால் நுழைவதில்லை; எனவே ஆட்டிறைச்சி பன்னி சௌவுக்குப் பதில் சுகர் பீன்ஸ் குழம்பு ஊற்றிய பன்னி சௌவைக் கிளம்பும்போதே வாங்கி வைத்திருந்தோம். கால் ரொட்டியைக் குடைந்து, குழம்பை நிரப்பி, குடைந்தெடுத்த பஞ்சையே மூடியாக வைத்துத் தருவார்கள். ஒன்றுக்கு 55 ராண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்) கொடுத்தோம். குழம்பு ரொட்டியின் சுவர்களில் ஊறி இறங்க ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும் என்பது ஆயாவின் கட்சி; அந்த வகையில் விபத்து எங்களுக்கு நன்மையே செய்தது.

ஹோவிக்கை நெருங்கும்போது மணி நான்கு. என்3-ஐ விட்டு விலகி ஆர்103 என்னும் பழைய சாலைக்கு வந்தபோது மலைப்பக்கமிருந்து மூடுபனி இறங்கிவிட்டிருந்தது. 1962 ஆகஸ்ட் 5 அன்று இந்தச் சாலையில்தான் நெல்சன் மண்டேலா வந்த காரைக் காவல்துறை மறித்தது. டேவிட் மோட்சமாயி என்ற பெயரில், வெள்ளையர் ஒருவரின் காரோட்டியாக வேடமிட்டு அவர் டர்பனிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். முந்தைய இரவு டர்பனில் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரரின் வீட்டில் அவரைச் சந்தித்தவர்களில் நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்த மருத்துவர் மான்டி நாயக்கரும் ஒருவர். அப்போது தாத்தாவுக்குப் பதின்மூன்று வயது. நாயக்கர் பேசும் கூட்டங்களுக்கு அப்பா தம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதெல்லாம் அதற்கும் முன்னால் என்றார்.

கைது நடந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி, 2012 ஆகஸ்ட் 4 அன்று இங்கே மார்கோ சியன்ஃபனெல்லி என்ற சிற்பியின் படைப்பு திறக்கப்பட்டது. ஐம்பது எஃகுக் கம்பங்கள்; உயரம் 6.5 மீட்டரிலிருந்து 9.5 மீட்டர் வரை. எல்லாம் சேர்ந்து நீளவாக்கில் ஏறத்தாழ 20 மீட்டர், அகலவாக்கில் 5 மீட்டர் இடத்தில் சிதறி நிற்கின்றன. பக்கத்தில் போனால் விளிம்பு கடித்துக் குதறப்பட்ட இரும்புப் பட்டைகள். அவற்றை நோக்கி இறங்கும் பாதையில் 35 மீட்டர் தொலைவில் ஓரிடத்தில் நின்று பார்த்தால், ஐம்பதும் ஒரே தளத்தில் வந்து ஒட்டிக்கொண்டு, மேற்கு நோக்கிய மண்டேலாவின் முகமாகிவிடும். படங்களில் இதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இன்று அந்த முகம் தெரியவில்லை. ஆனால் தெரியாமல் போன விதம், தெரிந்திருந்தால் கற்க முடியாத ஒன்றைக் கற்றுக் கொடுத்தது. அருகில் இருந்த கம்பங்கள் கறுப்பாகவும், நடுவில் இருந்தவை சாம்பல் நிறமாகவும், கடைசியில் இருந்தவை ஈரத்தாளில் அழிந்த பென்சில் கோடுகளாகவும் இருந்தன. மூக்கின் ஒரு பகுதி முன்னால் துலக்கமாக வந்து நின்றது; அதனுடன் சேர வேண்டிய கன்னம் இருபது மீட்டர் தள்ளிப் பனிக்குள் கிடந்தது. தொலைவு வேறுபாட்டைக் கண்ணிலிருந்து மறைப்பதற்காகவே இந்தச் சிற்பத்தின் கணக்கு முழுவதும் போடப்பட்டிருக்கிறது. மூடுபனியோ ஒவ்வொரு கம்பத்துக்கும் அதனதன் தொலைவை நிறமாகப் பூசிக் காட்டிக்கொடுத்துவிட்டது. வடிவத்துக்குத்தான் கணக்கு இருக்கிறது, காற்றுக்கு இல்லை. நான் இதை வியந்துகொண்டிருந்த நேரத்தில், தம் கால் விரல்கள் மரத்துவிட்டன என்று ஆயா இரண்டு முறை தெரிவித்துவிட்டார்.

இரவு ஹோவிக்கில் ஒரு விருந்தினர் விடுதி. அறைக்கு 850 ராண்ட். உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் மின்வெட்டு வந்துவிட்டது. அப்போது கட்டம் கட்டமாக அறிவித்துவிட்டுச் செய்துவந்த வெட்டுத்தான், எனினும் குளிருக்கு அறிவிப்பு ஒரு பொருட்டில்லை. விடுதியை நடத்தும் ஜூலுப் பெண்மணி, கேட்காமலேயே எரிவாயு அடுப்பில் நீரைக் காய்ச்சி, ரப்பர் பைகளில் ஊற்றி, துணி சுற்றி ஆயாவின் படுக்கையில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் இந்த மாதம் இறைச்சி உண்பதில்லை என்று சொன்னதும் காரணம் எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் பட்டர்நட் பூசணி சூப்பும் சூடான ரொட்டியும் வந்தன. சூப்புக்கு அவர் காசு வாங்கவில்லை.

செப்டம்பர் 23, சனி: ஹோவிக், பிறகு வடக்கே

காலை ஏழரை மணிக்கு வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. பாதையில் எங்களுக்கு முன் ஒரு குடும்பம் மட்டுமே. அங்கிருந்த காவலர் ஒருவர், சரியான இடத்தைத் தேடித் தடுமாறுகிறவர்களை மரியாதையாக முழங்கையைத் தொட்டு, “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், இன்னும் கொஞ்சம், நில்லுங்கள்” என்று நிறுத்திக்கொண்டிருந்தார். ஆயாவையும் அப்படியே நிறுத்தினார். ஆயா சற்று நேரம் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முகம் உண்மையிலேயே வருகிறது, அதுவும் படிப்படியாக வருவதில்லை. பாதையில் இறங்கும்போது கம்பக் கூட்டம் ஒன்றோடொன்று பொருந்தாமல் நெளிந்துகொண்டே இருக்கிறது. இரண்டு மூன்று அடிகளுக்குள் திடீரென்று அமைதியடைந்து, தட்டையாகிவிடுகிறது. அந்த நேரத்தில் ஆழம் என்ற ஒன்று இருப்பதையே கண் மறந்துவிடுகிறது. கறுத்த பட்டைகள் நிழலாகவும், இடைவெளியில் தெரியும் வானம் வெளிச்சமாகவும் படிகின்றன. பட்டை தடிக்கிற இடத்தில் நிழல் அடர்த்தி, மெலிகிற இடத்தில் வெளிச்சம்; பழைய செய்தித்தாள்களில் கோடுகளின் தடிமனை மாற்றியே முகத்தை அச்சிட்ட முறைதான் இது.

தாத்தாவுக்கு முகத்தைவிட அளவுகளில் ஆர்வம். “முன்னாடி இருக்கிறதும் பின்னாடி இருக்கிறதும் ஒரே உயரமாத் தெரியுது. அப்போ பின்னாடி இருக்கிறது எவ்வளவு பெருசு, தம்பி?” என்று கேட்டார். பாதையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பத்தாம் வகுப்பின் வடிவொத்த முக்கோணங்களுக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணிலிருந்து முதல் கம்பம் 35 மீட்டர், கடைசிக் கம்பம் 55 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின்னால் உள்ளவை முன்னால் உள்ளவற்றைப்போல் 55-ஐ 35-ஆல் வகுத்த மடங்கு, அதாவது ஏறத்தாழ 1.57 மடங்கு பெரியவையாக இருக்க வேண்டும். முதல் கம்பத்தின் உச்சி கண் மட்டத்துக்கு மேல் 5 மீட்டர் என்றால், கடைசிக் கம்பத்தில் அதே உயரமாகத் தெரிய வேண்டிய புள்ளி 7.9 மீட்டரில் அமைய வேண்டும். நிற்பவரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர், அதையும் கூட்டினால் 6.6 மீட்டர், 9.5 மீட்டர். சொல்லப்படும் 6.5, 9.5 என்னும் உயரங்களுக்கு இது வியக்கத்தக்க அளவு நெருங்கி வருகிறது, அதுவும் தரை சமமாக இருப்பதாக எடுத்துக்கொண்ட ஒரு கல்லிருக்கைக் கணக்கில். உயரத்துக்கு மட்டுமன்றி, பட்டையின் அகலத்துக்கும், அதில் வெட்டப்பட்ட ஒவ்வொரு பல்லுக்கும் அதே மடங்குதான். பின்வரிசையில் இருக்கும் கண்ணிமைத் துண்டு, முன்வரிசையில் இருந்திருக்க வேண்டியதைப்போல் ஒன்றரை மடங்கு தடிமன்.

இந்த வேலையைக் கையால் செய்ய முடியுமா என்றால் முடியும். ஐம்பது கம்பம், கம்பத்துக்குச் சில நூறு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் கண்ணிலிருந்து ஒரு நேர்கோடு. அந்தக் கோடு தன் கம்பத்தின் தளத்தை எங்கே வெட்டுகிறதோ அங்கே ஒரு குறி. பொறுமையுள்ள ஒருவர் ஓராண்டில் முடித்துவிடலாம். ஆனால் சிற்பி இரண்டு கம்பங்களை அரை மீட்டர் நகர்த்திப் பார்க்கலாம் என்று நினைத்த அன்றே அந்த உழைப்பில் ஒரு பகுதி வீண். கணினி வரைவின் பயன் இங்கேதான்: பார்வைப் புள்ளியை நிலைநிறுத்திவிட்டுக் கம்பங்களை விரும்பியபடி சிதறடிக்கலாம், மடங்கு தானே மாறிக்கொள்ளும். இந்தக் கம்பங்கள் லேசரில் வெட்டப்பட்டவை. லேசர் வெட்டும் இயந்திரத்துக்கோ எண்முறைக் கோப்பைத் தவிர வேறு மொழி தெரியாது. எங்கள் அலுவலகத்தில் இதே வகைக் கோப்பு ஒவ்வொரு நாளும் பட்டறைக்குப் போகிறது, பெரும்பாலும் படிக்கட்டுத் தாங்கிகளுக்காக.

தாத்தாவின் காலத்தில் வேலை வேறு. சர்க்கரை ஆலையின் கூம்பு வடிவத் தொட்டிக்குத் தகடு வெட்ட வேண்டுமானால், பட்டறையின் சிமென்டுத் தரையைச் சுண்ணாம்புக் கயிற்றால் கோடிட்டு, முழு அளவிலேயே விரிப்பு வரைந்து, மெல்லிய தகரத்தில் டெம்ப்ளேட் வெட்டி, அதைத் தடித்த தகட்டின் மேல் வைத்துக் குத்தூசியால் குறியிட்டு, பிறகுதான் எரிவாயுச் சுடர் பக்கம் போவார்களாம். அப்போதெல்லாம் வடிவியல் தரையில் கிடந்தது. அதன்மேல் முழங்காலிட்டு வேலை செய்தார்கள். அவர் கம்பங்களின் பின்பக்கம் போய் வெல்டிங் ஓட்டங்களைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். தட்டையான பட்டையைக் காற்றுக்கு எதிரே தனியாக நிற்கவிடாமல் பின்னால் எஃகுக் குழாய்களோடு சேர்த்திருந்த விதம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. வெட்டிய விளிம்பில் எங்காவது வண்ணப்பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கப் போனவரை நான்தான் தடுக்க வேண்டியிருந்தது.

ஒரு சோதனையும் செய்தேன். சரியான இடத்திலிருந்து ஒரு மீட்டர் பக்கவாட்டில் விலகினால், முன்கம்பத்தை ஒட்டிப் பார்க்கும்போது கடைசிக் கம்பம் 36 சென்டிமீட்டர் நகர்ந்ததாகத் தெரிய வேண்டும். பள்ளியில் இடமாறு தோற்றம் என்று படித்தோமே, அதுதான். நாலைந்து மீட்டர் அகல முகத்தில் 36 சென்டிமீட்டர் என்பது கண் மூக்கின் மேல் ஏறுவதற்குப் போதும், ஏறவும் செய்தது. ஆனால் குனிந்து, ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தபோது முகம் அவ்வளவாகக் குலையவில்லை. துண்டுகள் எல்லாம் செங்குத்தானவை. மேலும் கீழும் சற்று வழுக்கினாலும் அவற்றின் ஓரங்கள் ஒன்றையொன்று மீறுவதில்லை. கம்பங்கள் சிறைக்கம்பிகளை நினைவூட்டுவதற்காக நிற்கின்றன என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளும் உயரமான பெரியவர்களும் ஒரே பாதையில் நிற்கும் இடத்தில் செங்குத்துத் துண்டுகளைத் தேர்ந்தது நல்ல பொறியியலுமாகும்.

எனக்கு ஒரு குறை உண்டு. இது சாலையோரச் சிற்பம். ஆனால் சாலையில் போகிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை. காரிலிருந்து பார்ப்பவருக்கு வேலியோரம் சில இரும்புத் தூண்கள், அவ்வளவுதான். இறங்க வேண்டும், நடக்க வேண்டும், ஒருவர் பின் ஒருவராக அந்த ஒரே இடத்தில் நிற்க வேண்டும். காரில் வந்த ஒருவரை நிறுத்தி இறக்கிய இடம் இது என்பதை நினைத்தால், இந்தக் குறையைச் சிற்பி தெரிந்தேதான் வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. சாலையின் மறுபுறத்தில் 1996-இல் கட்டிய சிறிய பழைய நினைவுச் சின்னம் எந்த நிபந்தனையும் விதிப்பதில்லை. அதை யாரும் படமெடுப்பதும் இல்லை.

பிறகு மூயி ரிவர், வான் ரீனன் கணவாய், ஃப்ரீ ஸ்டேட்டின் முடிவில்லாத சமவெளி. கணவாயில் காற்று காரைப் பிடித்துத் தள்ளியது. பெட்ரோல் நிலையத்தில் எரிபொருள் நிரப்பிய இளைஞர், நாங்கள் கேட்காமலேயே முன்கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டு, கொடுத்த பத்து ராண்டை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். 

லெனேசியா வீட்டில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசை பாதியில் இருந்தது. நாமமிட்ட செம்பும், துளசி மாலையும், “கோவிந்தா” என்று எழுந்த குரல்களும், வாழையிலையில் வடை, பூசணிக்காய்க் கறி, பயற்றம் பருப்பு, பாயசமும். பேத்திக்குத் தமிழ் பாட்டுகளில் மட்டும் வரும். ஆனால் பதினோராம் வகுப்பில் அவள் எடுத்திருக்கும் பாடங்களில் ஒன்று பொறியியல் வரைகலை. இந்த நாட்டுப் பள்ளிகளில் அதைத் தனிப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். இலை எடுத்ததும், தாத்தா சொல்லச் சொல்ல, அவள் சாப்பாட்டு மேசையிலேயே கண்புள்ளி, படத்தளம், கதிர்கள் என்று ஹோவிக்கின் மேற்பார்வைப் படத்தை வரைந்துவிட்டாள். பள்ளியில் அவர்களுக்குக் கொடுப்பது எப்போதும் ஒரு வீட்டை இரண்டு மறைபுள்ளிகளோடு வரையும் கணக்காம். “பொருளை வைத்துவிட்டுப் படத்தைக் கண்டுபிடிப்போம். இவர் படத்தை வைத்துவிட்டுப் பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார்” என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னதை ஆயாவுக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

செப்டம்பர் 24, ஞாயிறு: ஜோஹானஸ்பர்க்

மரபுரிமை நாள். நாடு முழுவதும் கரியடுப்பைப் பற்றவைத்து இறைச்சி சுடும் நாள். லெனேசியாவின் புரட்டாசி வீடுகள் மட்டும் சுட்ட சோளத்தோடு நிறுத்திக்கொண்டன. நகர மையத்துக்குப் போவதற்கு முன் மருமகன் எங்களுக்குச் சில விதிகளைப் படித்துக்காட்டினார்: கண்ணாடியை இறக்கக் கூடாது, கைபேசியை மடியில் வைக்கக் கூடாது, சிவப்பு விளக்கில் முன்வண்டிக்கு இடைவெளி விட்டு நிற்க வேண்டும். அவரே ஓட்டினார்.

குவீன் எலிசபெத் பாலத்தின் அடிவாரத்தில் நிற்கிறது ‘ஃபயர் வாக்கர்’. வில்லியம் கென்ட்ரிட்ஜும் கெர்ஹார்ட் மார்க்ஸும் சேர்ந்து 2009-இல் உருவாக்கியது. ஏறத்தாழ 11 மீட்டர் உயரம். எரியும் கரியடுப்பைத் தலையில் சுமந்து நடக்கும் பெண் ஒருத்தியின் உருவம். இந்தப் பகுதியில் சோளமும் ஆட்டுத்தலையும் சுட்டு விற்கும் பெண்கள் அப்படித்தான் அடுப்போடு வருவார்களாம். கிழித்த கறுப்புத் தாள் துண்டுகளைப் போன்ற வடிவங்களில் எஃகுத் தகடுகளை வெட்டி, முன்னும் பின்னுமாக, வெவ்வேறு கோணங்களில் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு திசையிலிருந்து பெண் தெரிகிறாள். சற்று நகர்ந்தால் பாவாடை தனியாகவும் தலைச்சுமை தனியாகவும் பிரிந்துபோய்க் காற்றில் பறக்கும் குப்பையாகிறது.

கணக்கு என்ற அளவில் இதுவும் ஹோவிக்கும் ஒரே குடும்பம். பயன்படுத்திய விதத்தில்தான் வேறுபாடு, அதில்தான் எனக்கு இந்தப் பயணத்தின் முழு ஆர்வமும் வந்து குவிந்தது. ஹோவிக்கில் பார்வையாளர் கடைசிக் கம்பமாக, அசையாமல் நிற்க வேண்டும். இங்கே பார்வையாளர் பாலத்தில் இறங்கி வரும் மோட்டார் ஓட்டி, அவர் நிற்கப்போவதில்லை. ஆகவே உருவம் சேர்வது மட்டுமன்றிக் கலைவதும் அவருடைய நகர்வுக்கு ஏற்றபடி நடக்கிறது. மருமகன் பாலத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சில நொடிகள் வெறும் தகடுகள், ஒரு நொடி, நடந்து வரும் பெண், மறுபடி தகடுகள். காரின் வேகமே அவளை நடக்க வைக்கிறது. ஹோவிக்கில் தகடுகள் சற்றும் பிசகக் கூடாது என்ற இறுக்கம் இருக்கிறது. இங்கே துண்டுகள் கரடுமுரடானவை, விளிம்புகள் சரியாகச் சேராவிட்டாலும் கண் தானே பசை போட்டுக்கொள்கிறது. பார்வைப் புள்ளி ஒரு புள்ளியாக இல்லாமல் சில மீட்டர் நீளப் பட்டையாக விரிந்திருப்பதற்கு அந்தக் கரடுமுரடுதான் காரணம் என்று நினைக்கிறேன். முகத்தில் அரைச்சாண் பிசகினால் அடையாளம் போய்விடும். நடக்கிற ஓர் உருவத்தில் அவ்வளவு பிசகு ஒரு அசைவாகவே கொள்ளப்படும். இரண்டில் எது கடினம் என்று கேட்டால் ஹோவிக். எனக்கு எது பிடித்தது என்று கேட்டால் இது.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் வண்டிகள் குறைவு. விதிகளை மீறி இறங்கினோம். அடிப்பீடத்தில் பழைய சுவரொட்டிகளின் பசை காய்ந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி, உண்மையிலேயே ஒரு பெண்மணி கரியடுப்பில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தார். கதிர் 15 ராண்ட். ஆயா ஐந்து வாங்கினார், விலை பேசவில்லை; உப்பும் மிளகாய்த்தூளும் கேட்டார். உப்பு இருந்தது. தலைக்கு மேல் நிற்கும் சிற்பம் அவரைப் போன்றவர்களைப் பற்றியதுதானே என்று மருமகன் கேட்டதற்கு, “அவளுக்கு வாடகை இல்லை, எனக்கு உண்டு” என்று ஜூலுவில் சொல்லிச் சிரித்தாராம்.

தாத்தா தகட்டைத் தட்டிப் பார்த்துத் தடிமனை ஊகித்தார். நகரத்தில் இரும்பும் செம்பும் களவு போகும் வேகத்தைப் பற்றி மருமகன் சொன்னதும் பேச்சு அந்தப் பக்கம் போயிற்று. இத்தகைய சிற்பத்தில் ஒரு தகடு போனால் கோப்பைத் திறந்து அதே தகட்டை மறுபடி வெட்டிவிடலாம். வார்ப்புச் சிலையின் கை போனால் யாராவது உட்கார்ந்து மறுபடியும் கையைச் செய்ய வேண்டும். ஆனால் கோப்பைப் பத்திரமாக வைத்திருப்பது யார் பொறுப்பு என்று தாத்தா கேட்டார். சிற்பியிடமா, நகராட்சியிடமா, வெட்டிக்கொடுத்த பட்டறையிடமா? பத்தாண்டுக்கு முந்திய என் சொந்தக் கோப்புகள் சிலவற்றை இன்றைய மென்பொருள் திறக்க மறுக்கிறது. அவருடைய தகர டெம்ப்ளேட்டுகள் ஆலை மூடும் நாள் வரைக்கும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தனவாம்.

அங்கிருந்து ஃபெரேராஸ்டார்ப் பகுதியில் சான்சலர் ஹவுஸ். மண்டேலாவும் ஆலிவர் டாம்போவும் 1950-களில் வழக்கறிஞர் அலுவலகம் நடத்திய கட்டடம். அதன் எதிரே நீதிமன்றத்தைப் பார்த்தபடி, பாப் கோசானி எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தை ஒட்டி, குத்துச்சண்டைப் பயிற்சியில் இருக்கும் மண்டேலா. இதுவும் சியன்ஃபனெல்லியின் வேலைதான், 2013-இல் வைத்தது. நல்ல சிற்பம், நல்ல இடம், ஆனால் கூர்ந்து பார்க்கவிடாமல் மருமகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

செப்டம்பர் 25, திங்கள்: பிரிட்டோரியா

விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததால் இன்றும் விடுமுறை. அரசுத் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸின் புல்வெளி முழுவதும் குடும்பங்கள், பலூன்கள், ஐஸ்கிரீம் வண்டிகள். வெயில் சுள்ளென்றிருந்தது, ஜகராண்டா மரங்களில் ஊதா நிறம் இப்போதுதான் எட்டிப்பார்க்கிறது. இங்குள்ள மண்டேலா 9 மீட்டர் உயர வெண்கலம், இரு கைகளையும் விரித்தபடி. 2013 டிசம்பர் 16 அன்று, அவருடைய அடக்கத்துக்கு மறுநாள் திறந்தார்கள். சிற்பிகள் இருவரும் தங்கள் கையொப்பமாகக் காதுக்குள் ஒரு குட்டி முயலை ஒளித்து வைத்திருந்ததும், அது தெரியவந்ததும் அரசு அகற்றச் சொன்னதும் அப்போது பெரிய செய்தியாக அடிபட்டன. பேத்தி இன்றும் காதைத்தான் முதலில் பார்த்தாள்.

இந்தச் சிலை எல்லாத் திசைக்கும் பொதுவானது. எங்கே நின்றாலும் மண்டேலாதான். அருகில் போனால் பெரியவர், விலகினால் சிறியவர். கன்னியாகுமரியில் கணபதி ஸ்தபதி நிறுத்திய வள்ளுவரும் இந்த இனம். 38 அடிப் பீடமும் 95 அடி உருவமுமாக, தாள அளவில் முகத்தை அலகாகக் கொண்டு உடலை அளந்து செதுக்கிய சிலை. படகிலிருந்து பார்ப்பவருக்கும் கரையிலிருந்து பார்ப்பவருக்கும் ஒரே வள்ளுவர். உருவத்தின் அளவுகள் எல்லாம் உருவத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. ஹோவிக்கைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு வெண்கலம் சற்றுச் சோம்பேறியாகத் தெரிந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. தாத்தா இதை ஏற்கவில்லை. வயதானவர்களை ஒரே புள்ளியில் நிறுத்திவைக்காத சிலைதான் மரியாதை தெரிந்த சிலை என்றார்.

ஆனால் நிபந்தனை விதிக்காத இந்தச் சிலைக்கும் சிலர் ஒரு பார்வைப் புள்ளியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கழுத்தில் கேமராவும் இடுப்பில் சிறு அச்சுப்பெட்டியுமாகத் திரியும் புகைப்படக்காரர்கள், வருபவர்களைச் சிலைக்கு வெகு முன்னால், புல்லில் தேய்ந்துபோன ஓரிடத்தில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்கிறார்கள். படத்தில் அவர் மண்டேலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக வருகிறது. ஆயா தமக்கும் ஒன்று வேண்டும் என்றார். ஆயாவின் உயரம் 1.5 மீட்டர், சிலை ஆறு மடங்கு. எனவே ஆயா கேமராவிலிருந்து நாலு மீட்டரில் நின்றால் சிலை இருபத்து நாலு மீட்டரில் இருந்தாக வேண்டும் என்று பேத்தி உடனே சொல்லிவிட்டாள். புகைப்படக்காரர் அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு கண்ணை மூடி, ஆயாவைப் பின்னால், இன்னும் பின்னால், கையை மேலே, சற்று இடப்பக்கம் என்று நகர்த்தினார். நகர்த்தி முடித்த இடத்தில் பேத்தி அடியெடுத்து அளந்து பார்த்தபோது கணக்குக்கு அரை அடிதான் வேறுபாடு. தாத்தா அவரிடம் எங்கே படித்தாய் என்று கேட்டார். காலையில் ஒருவரைச் சரியாக நிறுத்திவிட்டால் அன்றைக்கு முழுவதும் அதே இடம்தான், உயரமானவர் வந்தால் ஓரடி பின்னால் தள்ளுவேன், குழந்தை வந்தால் முன்னால் இழுப்பேன் என்று அவர் பதில் சொன்னார்.

படத்துக்கு அறுபது ராண்ட் கேட்டார். சுண்டுவிரல் சேரவில்லை என்று காட்டி ஆயா ஐம்பது கொடுத்தார். அவர் மறுபடியும் ஒரு படம் எடுத்து, அதையும் அந்த ஐம்பதுக்கே அச்சிட்டுக் கொடுத்தார்.